வெற்றி மணியும் வாசல் தழையும்

வேதியியல் ஆய்வகத்துக்கு வந்திருந்தவர்கள்:

முனைவர் லின்னியா ஹால்வர்சன், புலம்பெயர் பின்னணி அறிவியல் மாணவர் வெற்றி மையத்தின் இயக்குநர். அவருடைய துணை இயக்குநர்கள் மூவர். புகைப்படக்காரர் ஒருவர். வேதியியல் பேராசிரியர் பிராண்ட்வோல்ட், கதவோரமாக, குளிர்கோட்டைக் கழற்றாமல். பாகூ மூவா, வேதியியல் இறுதியாண்டு மாணவி. அவளுடைய அப்பா நாவ் மூவா. அப்பாவுக்காகக் கூலி கொடுத்து அமர்த்திய மொங் மொழிபெயர்ப்பாளர். அவருக்கு மொங் தெரியாது, லாவோ மொழி மட்டும்தான் தெரியும். சக்கர வண்டியில் ஏற்றிய ஒரு பித்தளை மணி. ‘இது உங்கள் வீடு’ என்று சர்க்கரைப் பாகில் எழுதிய கேக். நான். மேசை ஓரத்தில், கண்ணாடிக் குப்பிக்குள், நீல நிறத்தில் ஒரு படிகம்.

கூட்டம் முடிந்தபோது எல்லோரும் இருந்தோம். படிகம் மட்டும் இல்லை.

படிகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கடுகில் பாதி இருக்கும். பாகூ தன் கையால் செய்த ஒரு செம்புச் சேர்மம். அதன் உள்ளமைப்பு தெரிய வேண்டுமானால் பக்கத்துக் கட்டடத்து எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குக் குறையில்லாத படிகம் ஒன்று வேண்டும், ஒன்றே போதும். குப்பியை இரண்டு மூன்று வாரம் யாரும் தொடாமல் விட்டால் அது தானாக வளரும். மேசையை இடித்தால் தூளாகிக் குப்பிக்கு அடியில் படியும். பிராண்ட்வோல்ட் அவளிடம் முன்பே சொல்லிவிட்டார்.

"பிப்ரவரி முடியறதுக்குள்ள ஒரு நல்ல படிகம் காட்டு. என் குழுவில ஆராய்ச்சி இடம் உனக்கு. இல்லன்னா அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுக்கணும். எனக்குக் கையில இருக்கறது ஒரே இடம்தான்."

அன்றைக்கு மணி வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்த துணை இயக்குநர், மேசைக் காலில் இடித்துவிட்டு, "மன்னிக்கணும்" என்று மேசையிடம் சொன்னார். பிறகு மணியை அடித்தார். பாகூ அரையாண்டுத் தேர்வில் தேறியதற்கான மணி அது. நீலம் கலங்கித் தூளாக இறங்கியதைப் பாகூ பார்த்துக்கொண்டிருந்தாள். புகைப்படக்காரர், "அப்படியே இருங்க, முகத்துல உணர்ச்சி நல்லா வருது" என்றார்.

நான் அந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் இரவுக் காவலன். அதே வேதியியலை இரண்டாம் ஆண்டில் விட்டவன். நான் விட்டுவிட்டேன், வெற்றி மையம் என்னை விடவில்லை. அவர்கள் கணக்கில் நான் தோற்கவில்லை. ‘இடைவேளையில் இருக்கும் வெற்றி’. அதனால் எல்லா விழாவுக்கும் அழைப்பு வரும். வேலை முடிகிற நேரத்தில் தின்ன ஏதாவது கிடைக்கும் என்பதால் நானும் போய்விடுவேன். பாகூவும் நானும் ஒரே குலம். லாவோஸ் மலையிலிருந்து வந்த எங்கள் மொங் ஆட்களுக்குள் குலம் ஒன்றென்றால் அண்ணன் தங்கைதான், அதற்குமேல் ஆராய்ச்சி கிடையாது.

பாகூவிடம் ஒரு குறை இருந்தது. அவளுக்கு வேதியியல் வந்தது. தத்தளிக்கிறவர்களைக் கரையேற்றுவதற்காகத் தொடங்கிய மையம் அது. ஏற்கெனவே கரையில் உட்கார்ந்து கால் துடைத்துக்கொண்டிருக்கும் பெண்ணை என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. முதலில் அவளைத் தண்ணீரில் இறக்கியாக வேண்டும். அதற்காகவே வாரம் ஒரு ‘கதை வட்டம்’ நடத்தினார்கள்.

"உங்க பயணத்துல தடை எங்க வந்துச்சு, பாகூ?" என்று கேட்டார் ஹால்வர்சன்.

"போன செவ்வாய்க்கிழமை. உங்க மணி வண்டி என் மேசையில இடிச்சப்ப."

"அதுக்கும் முன்னாடி. இன்னும் ஆழமா."

"அதுக்கு மூணு வாரம் முன்னாடி, இன்னொரு செவ்வாய்க்கிழமை. அன்னிக்கு போட்டோக்காரர் குப்பியைத் திறந்து சிவப்புச் சாயம் ஊத்தினார். நீலத்தைவிட சிவப்புல நம்பிக்கை தெரியும்னார்."

ஹால்வர்சன் பொறுமையானவர். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். "உங்க குடும்பம் ஒரு ஆத்தைக் கடந்து வந்த குடும்பம் இல்லையா?"

"தாத்தா கடந்தார். நான் பொறந்தது இங்க, செயின்ட் பால்ல."

"அந்த ஆறு உங்களுக்குள்ள இன்னும் ஓடுதுல்ல?"

"நானும் தினம் ஒரு ஆத்தைக் கடக்கறேன். மிசிசிப்பி. பஸ்ல, பாலத்து மேல. உட்கார இடமும் கெடைக்கும்."

ஹால்வர்சனின் கண் கலங்கியது. அடுத்த வாரம் கட்டடம் முழுக்கப் பாகூவின் படத்தோடு சுவரொட்டி வந்தது: ‘இரண்டு ஆறுகளைக் கடந்தவள்’. படத்தில் அவள் தூளான குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே: ‘இது உங்கள் வீடு’.

பாகூ மறுபடி புதுக் குப்பி வைத்தாள். ஆய்வக வாசலில் தாள் ஒட்டினாள்: ‘ஆய்வு நடக்கிறது. தயவுசெய்து உள்ளே வர வேண்டாம்.’ மறுநாள் காலை நான் வேலை முடிந்து இறங்கும்போது அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் ‘எல்லோரும் வருக’ என்ற பலகை ஏறியது.

"‘வேண்டாம்’ங்கற வார்த்தையை உங்க சமூகம் காலம் முழுக்கக் கேட்டிருக்கு, பாகூ," என்றார் ஹால்வர்சன். "அதை எங்க கதவுல நாங்க அனுமதிக்க மாட்டோம்."

"அதை எழுதினது நான்."

"அதுதான் எங்களுக்கு ரொம்ப வலிக்குது."

அன்று மதியம் எல்லோரும் வந்தார்கள். மாவட்டப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேருந்தில் வந்தார்கள். ஒவ்வொருவரும் மேசையைத் தொட்டு ‘எதிர்காலத்தை உணர்ந்து’ பார்த்தார்கள். மூன்றாவது படிகம் முளைக்கும் முன்பே போயிற்று.

பாகூ பிராண்ட்வோல்டிடம் போய் நின்றாள். நானும் கூடப் போனேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"லின்னியாவோட நிகழ்ச்சிங்க எல்லாம்... கொஞ்சம் வித்தியாசமா இருக்கு."

எங்கள் மின்னசோட்டா மாநிலத்துக்காரர் ஒன்றை ‘வித்தியாசமா இருக்கு’ என்று சொன்னால் அதைக் கொளுத்திவிட வேண்டும் என்று பொருள். அதற்கு மேல் அவர்களால் திட்ட முடியாது.

"நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றாள் பாகூ.

"என் ஆய்வகத்துல நச்சுப்புகையை வெளிய இழுக்கற விசிறி இருக்கே, அது அவங்க நிதியில ஓடுது. அவங்களைக் கோபப்படுத்தினா நான் மூச்சு விட முடியாது." இதை அவர் உவமையாகச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாகூ வீட்டில் வேகவைத்த கோழியும் ஒட்டரிசிச் சோறும் மிளகாய்த் துவையலும். சோங்நெங் சித்தப்பாவும் வந்திருந்தார். வான்கோழித் தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்ததிலிருந்து சித்தப்பாவுக்கு எல்லார் வீட்டு விவகாரத்துக்கும் நேரம் இருந்தது.

"ஏண்டி, கெமிஸ்ட்ரி படிக்கற, ஒரு கதவைப் பூட்டத் தெரியாதா உனக்கு?" என்றார்.

"பூட்டினேன் சித்தப்பா. எல்லாச் சாவியும் அவங்ககிட்ட இருக்கு."

கோழிக்காலை என் பக்கம் நீட்டினார். "இவன் அங்க காவல்காரன்தானே? இவன் என்ன கிழிக்கறான்?"

"நான் ராத்திரிக்குத்தான் காவல். வெற்றி பகல்லதான் வருது," என்றேன்.

அப்பா நாவ் மூவாவுக்கு மையத்தின்மேல் பெரிய கோபம் இல்லை. மொழிபெயர்ப்பாளரோடு லாவோ மொழியில், உறைந்த ஏரியில் மீன் பிடிப்பதைப் பற்றி இரண்டு கூட்டம் முழுக்கப் பேசியிருந்தார். "நல்ல பையன். ஏரியில ஓட்டை போட நல்ல துளைக்கருவி வெச்சிருக்கான்," என்றார்.

"அண்ணே, உன் மக படிப்பு போகுது, நீ மீனைப் பத்திப் பேசற," என்றார் சித்தப்பா. பிறகு பாகூ பக்கம் திரும்பினார். "என் மருமக பிள்ளை பெத்தப்ப வாசல்ல தழை கட்டினமே, ஞாபகம் இருக்கா? கரண்டுக்காரன்கூட படியேறல."

எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்தாலோ, உயிரைத் திரும்ப அழைக்கும் சடங்கு நடந்தாலோ, வாசலில் பச்சைக் கிளை கட்டுவோம். கட்டியிருக்கும்வரை வெளியாள் உள்ளே வரமாட்டான். வந்தால் அவனோடு வேறு ஏதாவது உள்ளே வரும், உள்ளே இருப்பது எதுவோ அவனோடு வெளியே போகும்.

"அது வீடு சித்தப்பா. இது ஆய்வகம். இங்க யாரும் பிள்ளை பெறல," என்றாள் பாகூ.

"உள்ள ஏதோ வளருதுன்னு நீதானடி சொன்ன?"

ஜனவரியில் பச்சைத் தழைக்கு எங்கே போவது என்று அப்பா கேட்டார். சித்தப்பா ஜன்னலைக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தெருவோரம் வீசியிருந்த கிறிஸ்துமஸ் மரம் பனியில் பாதி புதைந்து கிடந்தது.

"நம்ம ஆவிக்கு அந்த மரம் புரியுமா?" என்றார் அப்பா.

"வந்து நாப்பது வருஷம் ஆச்சு. அதுவும் பழகியிருக்கும்."

திங்கள் காலை மணி வண்டி மூன்றாம் மாடிக்கு வந்தபோது ஆய்வகத்துக்குள் பாகூவின் நாலாவது குப்பி இருந்தது, வாசலில் தழை தொங்கியது. பக்கத்தில் சித்தப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர்வலம் நின்றது.

"இது... என்ன?" என்றார் ஹால்வர்சன், ரொம்ப மெல்ல.

"தழைம்மா. வெளியாளு உள்ள போகக்கூடாது."

"ஏன்னு கேக்கலாமா? கேக்கறது சரியா?"

"உள்ள புதுசா ஒண்ணு உருவாகுது. தொந்தரவு பண்ணினா செத்துடும்."

ஹால்வர்சன் நெஞ்சில் கை வைத்தார். துணை இயக்குநர்கள் மூவரும் நெஞ்சில் கை வைத்தார்கள். ஒருவர் தன் கழுத்துத் துணியைக் கழற்றி மணியின் நாக்கில் சுற்றினார். வண்டியைச் சத்தமில்லாமல் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனார்கள்.

"நான் தாள்ல எழுதினதும் இதையேதான்," என்றாள் பாகூ.

ஹால்வர்சன் திரும்பி, அவள் தோளைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல் சொன்னார்: "நீங்க எழுதினது விஞ்ஞானம், பாகூ. இது பண்பாடு. விஞ்ஞானம் காத்திருக்கலாம்."

புதன்கிழமை ‘தழைப் பணிக்குழு’ அமைந்தது. தாவரவியல் பேராசிரியர் ஒருவரைச் சேர்த்தார்கள். அவர் முதல் கூட்டத்திலேயே, "இது யாரோ குப்பையில போட்ட பால்சம் ஃபர் மரக்கிளை, அடியில இன்னும் ஜரிகை ஒட்டிட்டிருக்கு" என்றார். அவரை நீக்கிவிட்டார்கள். ஜரிகையைப் புலம்பெயர் வாழ்வின் இழை என்று பதிவு செய்தார்கள். மூன்றாம் மாடியில் செருப்பு, ஷூ கூடாது என்று ஆனது. பொருளாதாரத் துறைத் தலைவர் சாக்ஸில் ஓட்டையோடு வகுப்புக்குப் போனார். சூடான காற்றில் ஊசியிலை காய்கிறது என்று தாழ்வாரத்துக் கணப்பை நிறுத்தினார்கள். தழையை மறைக்கிறது என்று தீயணைப்புக் கருவியைக் கழற்றி வேறிடம் வைத்தார்கள்.

சித்தப்பாவை ‘வாசல் ஆலோசகர்’ ஆக்கினார்கள். சம்பளம் பேச வந்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கார் நிறுத்தும் பாஸ்.

"இங்க ஒரு மணி நேரம் வண்டி விட்டா ஒரு கோழி விலை கேக்கறான்மா."

பாஸ் கொடுத்தார்கள், இயக்குநரின் வரிசையிலேயே. இரண்டாம் ஆண்டில் நான் அந்தப் பாஸுக்காக ஒரு பருவம் முழுக்க வரிசையில் நின்றிருக்கிறேன்.

குழுவின் திறப்பு விழாவில் ஹால்வர்சன் பேசியதில் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். "பல வருஷமா நாம இந்த மாணவர்களை ஆய்வகத்துக்குள்ள கொண்டுவரப் பாடுபட்டோம். இந்தத் தழை நமக்கு ஒண்ணைக் கத்துக்குடுத்துச்சு. வாசல்ல நிக்கறதே ஒரு வெற்றி. இன்னிக்கு இந்த ஆய்வகத்துக்குள்ள ஒருத்தர்கூட இல்ல. மையத்தோட வரலாற்றுல இதுதான் எங்களுக்கு ரொம்ப நிறைவான நாள்." கைதட்டல், ஓசையில்லாமல், விரல்களை மட்டும் ஆட்டி.

அந்தக் கட்டடம் அப்படி ஓர் அமைதியை அதற்குமுன் பார்த்ததில்லை. படிகம் வளர்ந்தது. பாகூகூட உள்ளே போகவில்லை. போக வேண்டிய தேவையில்லை. அப்பாவின் மான் வேட்டைத் தொலைநோக்கியைக் கொண்டுவந்து, கதவின் கண்ணாடி வழியாகத் தினம் ஒருமுறை பார்ப்பாள். முதலில் புள்ளி. பிறகு ஊசிமுனை. பிறகு நான் பார்த்தபோது, ஓரங்கள் நறுக்கென்று, சின்னதாக, ஊதாவுக்குப் பக்கத்தில் போகும் நீலத்தில் இருந்தது. தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிப்ரவரியின் கடைசி வெள்ளி. எக்ஸ்ரே கருவி மதியம்வரை பாகூவுக்கு. பிராண்ட்வோல்டும் சாக்ஸோடு வந்து நின்றார். வாசலின் குறுக்கே சிவப்பு வடம் கட்டியிருந்தது. வடத்துக்கு முன்னால் ஹால்வர்சன்.

"தழை இருக்கற வரைக்கும் யாரும் உள்ள போக முடியாது, பாகூ."

"உள்ள இருக்கறது என் படிகம்."

"தெரியும். அதனாலதான் முக்கியமா நீங்க போகக்கூடாது. உங்க பண்பாட்டை நீங்களே மீற நாங்க விட்டோம்னா, நாளைக்கு நாங்க யார் முகத்துல முழிப்போம்?"

"எங்க சித்தப்பா கட்டினது அது. என் படிகத்துக்காகக் கட்டினது. இன்னிக்கு எடுக்கலன்னா எனக்கு இடம் போயிடும்."

"இந்த அவசரம் உங்களோடது இல்ல, பாகூ. அது உங்க மேல திணிக்கப்பட்டது. அதுக்கு எங்ககிட்ட ஒரு பயிலரங்கு இருக்கு."

பாகூ தாழ்வாரத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் உதடு நடுங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். புகைப்படக்காரர் இல்லாத நாள் அது.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். இயக்குநர் வரிசையில் காரை நிறுத்திவிட்டு வந்தார். நேரே போய்த் தழையில் கை வைத்தார். துணை இயக்குநர் ஒருவர் அவர் கையைப் பிடித்தார்.

"ஐயா, இது இப்ப பல்கலைக்கழகச் சொத்து."

"தெருவுல கெடந்த மரம்பா அது."

"உங்களை நீங்களே தாழ்த்திக்காதீங்க, ஐயா. இறக்கற விழா ஏப்ரல்ல. பல்கலைக்கழகத் தலைவர் குளிர்காலத்துக்கு ஃபுளோரிடா போயிருக்கார்."

சித்தப்பா கையை எடுத்தார். தழையைப் பார்த்தார். சுவரொட்டியைப் பார்த்தார். காதைச் சொறிந்தார்.

"சரி. இறக்க வேணாம். ஆனா வெளியாளுதானம்மா போகக்கூடாது? வீட்டாளு போகலாம், வரலாம். அதுதான் வழக்கம்."

"நிச்சயமா," என்றார் ஹால்வர்சன்.

"அப்ப இது யாரு வீடு?"

எல்லோரும் சுவரொட்டியைப் பார்த்தோம். ‘இது உங்கள் வீடு’ என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. ஹால்வர்சனின் முகம் சிவந்தது.

"அது ஒரு... உணர்வு," என்றார். "முகவரி இல்ல."

"அப்ப நான் வெளியாளா?" என்றாள் பாகூ.

துணை இயக்குநர்கள் தங்கள் சாக்ஸைப் பார்த்தார்கள். ஹால்வர்சன் வடத்தின் முடிச்சை இறுக்கினார். "நீங்க வெளியாள் இல்ல, பாகூ. கண்டிப்பா இல்ல. ஆனா உள்ளாளான்னு கேட்டா... அதைக் குழுவுலதான் வைக்கணும்."

சித்தப்பா குரலைத் தணித்தார். "உங்களுக்கு உள்ள போகணும்னு ஆசை இருக்காம்மா?"

ஒரு மாதமாக அந்தக் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றவர் அவர். "போக... முடியுமா?"

"தழை கட்டின வீட்ல வீட்டாளு ஒருத்தர் உள்ளேயே இருக்கணும். அவங்க இருந்தா பாகூ மாதிரி மத்த வீட்டாளு போகலாம், எடுக்கலாம், வரலாம். உங்களை வீட்டாளா ஏத்துக்கறோம். கையை நீட்டுங்க."

தாழ்வாரத்தில் கிடந்த நேற்றைய விழாக் கேக் பெட்டியிலிருந்து வெள்ளை நூலை அவிழ்த்து ஹால்வர்சனின் மணிக்கட்டில் கட்டினார். ஹால்வர்சன் அழுதேவிட்டார்.

பாகூ என் பக்கம் சாய்ந்தாள். "அண்ணா, உள்ளேயே இருக்கணும்னு நிஜமாவே ஒரு வழக்கம் இருக்கா?"

"நான் ரெண்டாம் வருஷத்துலயே விட்டவன். என்னைக் கேக்காத."

"உள்ள போனா பேசக்கூடாது," என்று சித்தப்பா அடுக்கினார். "போட்டோ கூடாது. மணி கூடாது. யாரையும் உள்ள கூப்பிடக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"தழை உதிர்ற வரைக்கும்."

"இது என் வாழ்க்கையில எனக்குக் கிடைச்ச..."

"பேசக்கூடாது. என் கார் பாஸ் தொடருமில்ல?"

ஹால்வர்சன் தலையை வேகமாக ஆட்டினார். துணை இயக்குநர்கள் வடத்தை அவிழ்த்தார்கள்.

பாகூ முதலில் போனாள். குப்பியை இரண்டு கையாலும் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு சாக்ஸ் கால்களோடு வெளியே வந்தாள். பிராண்ட்வோல்ட் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்துக் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

"வித்தியாசமாவே இல்ல," என்றார். பூதக்கண்ணாடியை மடக்கினார். "துளிகூட வித்தியாசமா இல்ல."

இருவரும் தாழ்வாரத்தில் நடந்தார்கள். அவள் முன்னால், அவர் பின்னால், யாரும் இடிக்காமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. படிக்கட்டுத் திருப்பத்தில் பாகூ நின்று திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

ஹால்வர்சன் உள்ளே போய், குப்பி இருந்த இடத்துக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். காலியான மேசையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, பேசாமல், சாவி திருகுவதுபோல் விரலை ஆட்டிக் காட்டினார். வெளியாள் யாரும் வந்துவிடக் கூடாதாம். உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருப்பினால் திறந்துவிடும் கதவுதான், அவருக்கும் தெரியும்.

கதவைச் சாத்தினேன். தழையிலிருந்து நாலைந்து ஊசியிலை உதிர்ந்தது. இன்னும் நிறைய இருந்தது. பூட்டினேன்.